திருத்துகிறவருக்கும் தெம்பு வேண்டும்!

போலீஸ்காரர் திருடனைப் பிடிக்கிறார். நீதிபதி தீர்ப்புச் சொல்கிறார். இது எல்லோருக்கும் தெரியும். நன்னடத்தை அதிகாரி என்று ஒருவர் இருக்கிறாரே, அவருடைய வேலை என்ன?

தாம்பரத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் சைக்கிள் திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் ருசுவாகிவிட்டது. உடனே சிறையில் தள்ளலாமா?

கூடாது. ஆயுள் தண்டனைக்குரிய பெருங்குற்றமாக இல்லாவிட்டால், 21 வயதுக்குக் குறைந்தவர்களைத் தக்க காரணமின்றிச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்கிறது 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைக் கோர்ட்டு முதலில் கேட்க வேண்டும். சென்னை மாகாணத்துக்கு 1936-ம் ஆண்டுச் சட்டமே தனியாக இருந்தது.

அதிகாரி சேலையூருக்கோ முடிச்சூருக்கோ போகிறார். பையனின் தாய் அழுகிறாள். "நமக்கேன் வம்பு?" என்று அண்டை வீட்டார் கதவைச் சாத்துகிறார்கள். இதற்கு நடுவே உண்மையைக் கண்டு எழுத வேண்டும். பையன் விடுதலையானால், கோர்ட்டு உத்தரவுப்படி கண்காணிக்க வேண்டும். வேலை தேடிக் கொடுக்கவும் முயல வேண்டும்.

பாராட்டு இல்லை, பழி உண்டு

பையன் திருந்தினால் யாரும் அதிகாரியைப் பாராட்டுவதில்லை. மறுபடி திருடினால், "நல்லவன் என்று எழுதியவர் நீங்கள்தானே?" என்று கேட்கிறார்கள். இப்படி நாலு முறை கேட்டால் யாருக்கும் மனம் தளரும். சூடு கண்ட பூனைபோல, அடுத்த பையனைப் பற்றி நல்லது எழுதவே கை நடுங்கும். அதனால் நஷ்டம் யாருக்கு? திருந்தக்கூடிய ஒரு பையனுக்கு!

1841-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தயாரிப்பாளர், ஒரு குடிகாரரைக் கோர்ட்டில் ஜாமீன் எடுத்துத் திருத்தினார். இந்தப் பணிக்குப் பிள்ளையார் சுழி அதுதான். மனிதன் மாறுவான் என்ற நம்பிக்கையே அவருடைய மூலதனம்.

என்ன செய்யலாம்?

அதிகாரி ஒன்றை மறக்கக் கூடாது. கண்டதை நேர்மையாக எழுதுவதே அவர் கடமை. தீர்ப்பு கோர்ட்டுடையது, திருந்துவது பையனுடைய பொறுப்பு. மூன்றையும் ஒருவரே சுமந்தால் முதுகு ஒடியும். கஷ்டமான கேஸ்களைச் சக அதிகாரிகளோடு கலந்து பேசினால் பாரம் குறையும்.

ஒருவர் தலையில் அளவுக்கு மீறிக் கேஸ்களைச் சுமத்தாமல் சர்க்கார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. அவர் வந்து விசாரித்தால் கதவைச் சாத்தாதீர்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள். திருந்தி வந்த பையனுக்கு உங்கள் கடையில் ஒரு வேலை கொடுங்கள். அந்த அதிகாரிக்கு அதைவிடத் தெம்பு தரும் மருந்து வேறு இல்லை!