அந்தோணிதாசன் - வெறும் குரல் மட்டும்தானா?

2019 ஜனவரி 10. பொங்கலுக்கு 'பேட்ட'யும் 'விஸ்வாசம்' படமும் ஒரே நாளில் ரிலீஸ். ரஜினி ரசிகர்களும் அஜித் ரசிகர்களும் போஸ்டர் ஒட்டுவதில் தொடங்கி வசூல் கணக்கு வரைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சண்டையில் யார் பக்கமும் சாயாமல் இரண்டு தியேட்டரிலும் ஒரு குரல் கேட்டது. அங்கே அனிருத் இசையில் 'ஆஹா கல்யாணம்', இங்கே இமான் இசையில் 'தல்லே தில்லாலே'. பாடியவர் அந்தோணிதாசன். சொந்த ஊர் தஞ்சாவூரை ஒட்டிய ரெட்டிப்பாளையம். திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இந்த விஷயத்தைச் சொன்னால் திருக்காட்டுப்பள்ளிக்காரர்களே பாதிப் பேர் ஆச்சரியப்படுவார்கள். "அட, 'சொடக்கு' பாடினவரா? நம்ம பக்கமா?" என்பார்கள். பாட்டு தெரியும், குரல் தெரியும், ஆள் தெரியாது. சரி, சினிமாப் பின்னணிப் பாடகர்கள் பல பேருக்கு இதுதானே கதி என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தோணிதாசன் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவர் வெறும் பாடகர் இல்லை. பாட்டு கட்டுகிறவர், மெட்டுப் போடுகிறவர், மேடையை நடத்துகிறவர். அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் அவர் வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

தஞ்சாவூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, வீணை, அப்புறம் திருவையாறு. இசை என்றாலே கர்நாடக சங்கீதம்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதே மண்ணில் கோயில் கொடைக்கும் காப்புக் கட்டுக்கும் நடுராத்திரி வரை ஊரை விழிக்க வைக்கிற இன்னொரு இசை உண்டு. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, தமுக்கு, தாளம். இது சேர்ந்தால் நையாண்டி மேளம். அதற்கு முன்னால் கரகம், பொய்க்கால் குதிரை, கொக்கலிக்கட்டை. ரெட்டிப்பாளையம் இப்படிப்பட்ட கலைஞர்கள் நிறைய வாழும் ஊர். அந்தோணிதாசன் அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கரகாட்ட மேடைக்கு வந்தவர்.

அந்த மேடை லேசுப்பட்டது இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியற்காலை வரை. எதிரே மணலில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் குழந்தை தூங்கும், கிழவி வெற்றிலை இடிப்பாள், இளவட்டம் விசில் அடிக்கும். அத்தனை பேரையும் பிடித்து வைக்க வேண்டும். மைக் சரியாக இருக்காது. அதனால் குரல் தானாகவே உச்சத்துக்குப் போகும், எழுத்து ஒவ்வொன்றும் உடைந்து தெளிவாக விழும். ஊருக்கு ஊர் பாட்டில் ஒரு வரியை மாற்ற வேண்டும், அந்த ஊர்ச் சாமி பெயரைச் சேர்க்க வேண்டும், எதிரில் கிண்டல் பண்ணுகிறவனுக்கு அந்த இடத்திலேயே பாட்டாகவே பதில் சொல்ல வேண்டும். பாட்டு எழுதுவது என்றால் தாளில் எழுதுவது மட்டும் இல்லையே! இதுவும் எழுத்துதான். பேனா இல்லாத எழுத்து.

அங்கிருந்து சென்னை. தர்புகா சிவாவோடு (பின்னாளில் 'எனை நோக்கி பாயும் தோட்டா'வில் யார் இசை என்று தெரியாமல் எல்லாரையும் மண்டையைப் பிய்க்க வைத்தாரே, அவரேதான்) சேர்ந்து 'லா பொங்கல்' என்ற குழு. 'வண்டியில நெல்லு வரும்' பாட்டை நகரத்துப் பிள்ளைகள் முதலில் கேட்டது அந்தக் குழுவின் வழியாகத்தான். டெல்டாவில் இப்போது நெல் வண்டியில் வருவதில்லை, டிராக்டரில் வந்து கொள்முதல் நிலையத்து வாசலில் மழைக்கு நனைந்துகொண்டு கிடக்கிறது என்பது வேறு கதை.

பிறகு சினிமா. 2014-ல் 'குக்கூ' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் 'கல்யாணமாம் கல்யாணம்'. எழுதியவர் யுகபாரதி, அவரும் தஞ்சாவூர்க்காரர். அந்தப் பாட்டைத் திரும்ப ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மேலே கேலி, உள்ளே வலி. கரகாட்ட மேடையில் கோமாளி வேஷம் கட்டுகிறவனுக்குத்தான் இரண்டையும் ஒரே மூச்சில் பாட வரும். அதன் பிறகு வரிசையாகப் பாட்டுகள். 2018-ல் 'தானா சேர்ந்த கூட்டம்' படத்தின் 'சொடக்கு' வந்ததும் அவர் குரல் இல்லாத கல்லூரி ஆண்டு விழாவே இல்லை என்றாகிவிட்டது.

இங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. சினிமா அவருக்கு வெளிச்சம் கொடுத்தது, மறுக்க முடியாது. சந்தோஷ் நாராயணன் மாதிரி ஒருவரின் காது அவர் மேல் படாமல் இருந்திருந்தால் இந்தக் குரல் மாசியில் ஆரம்பித்து ஆடியில் முடிகிற திருவிழா சீசனுக்குள்ளேயே நின்றிருக்கும். ஆனால் சினிமா கேட்டது அவருடைய குரலை மட்டும். "அண்ணே, அந்த ஹை பிட்ச்ல ஒரு தூக்கு தூக்குங்க" என்கிற அளவுக்கு மட்டும். பாட்டு இன்னொருவர் எழுதினது, மெட்டு இன்னொருவருடையது, உரிமை ஆடியோ கம்பெனியுடையது. 

குரல் எவ்வளவு பெரியதானாலும் பாட்டு சொந்தமாகாது என்பதற்கு பெரிய உதாரணம் 2017-ல் நடந்தது. தன் பாட்டுகளை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனதே, நினைவிருக்கிறதா? எஸ்.பி.பி.க்கே அந்த நிலை என்றால் கரகாட்ட மேடையிலிருந்து வந்தவருக்கு?

2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்தில் வரும் பாட்டானாலும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொண்டு ஏமாற்ற முடியாது என்று ஆனது. பாடுகிறவருக்கும் ஒரு பங்கு வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டால் சட்டத்துக்குக் கண் தெரியாது. 'பாரம்பரியம்' என்று போட்டுவிட்டால் எழுதியவர் கட்டம் காலி. காலியான கட்டத்துக்கு யார் பணம் அனுப்புவார்கள்?

"நாட்டுப்புறப் பாட்டு மக்கள் சொத்து, அதற்குப் போய் சொந்தம் கொண்டாடலாமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். நடவுப் பாட்டை யார் எழுதினார்கள்? ஒருத்தி ஆரம்பித்தாள், அடுத்தவள் ஒரு வரி சேர்த்தாள், அவள் மகள் அதை மாற்றினாள். அது உண்மையாகவே எல்லாருடையதும்தான். அதற்கு ஒருத்தர் பெயரைப் போட்டால்தான் தப்பு. ஆனால் அந்தோணிதாசன் நேற்று உட்கார்ந்து கட்டிய பாட்டு அது இல்லையே. அதே பேச்சுமொழி, அதே தாளம் என்பதால் அதுவும் 'மண்ணிலிருந்து தானாக முளைத்தது' என்று நினைத்துவிடுகிறார்கள். கர்நாடக ராகத்தில் ஒருவர் புதுக் கீர்த்தனை எழுதினால் அவரை வாக்கேயக்காரர் என்பார்கள். ஆங்கிலத்தில் கிடாரோடு எழுதிப் பாடினால் பெரிய மரியாதை, பாப் டிலனுக்கு 2016-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். தஞ்சாவூர் தெருவில் ஒருவர் எழுதிப் பாடினால் மட்டும் 'கிராமியக் கலைஞர்'. பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் அதில் ஆள் காணாமல் போய்விடுவார்.

திருவையாற்றுக்காரர்களைப் பார்த்து இந்த இடத்தில் ஒன்று கற்றுக்கொள்ளலாம். தியாகராஜர் 1847-ல் மறைந்தார். இத்தனை வருஷம் ஆகியும் எது அவர் கீர்த்தனை என்பதைப் பெரும்பாலும் அந்தப் பாட்டே சொல்லிவிடுகிறது. ஏன்? கடைசிச் சரணத்தில் தன் பெயரை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பெயர் முத்திரை. கோபாலகிருஷ்ண பாரதியும் அப்படித்தான் செய்தார். ஆடியோ கம்பெனி இல்லாத காலத்தில் பாட்டு அனாதையாகாமல் இருக்க அவர்களுக்குக் கிடைத்த வழி அது.

முத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் காலத்துச் சாட்சி 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்தது. யூடியூபில் 50 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு. அரக்கோணத்துக்காரர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அதில் வைத்தார். அதே வருஷம் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அவர் படம் இல்லை. 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் அவர் இல்லை. எழுதியதும் மெட்டுக் கட்டியதும் தானே என்று அறிவு வெளிப்படையாக எழுத, சந்தோஷ் நாராயணன் தன் தரப்பை விளக்கிப் பதில் சொல்ல, ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. 2024-ல் அதே சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து எங்கள் யாருக்கும் இதுவரை வருமானம் வரவில்லை என்றார். ஆக, சண்டை போட்டவர்கள் கையில் காசும் இல்லை!

அறிவு அதற்குச் சொன்ன பதில்தான் முக்கியம். 2024-ல் தன் தனி ஆல்பத்தைக் கொண்டுவந்தார். பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தலைப்பிலேயே பாட்டியும் இருக்கிறார், பேரனும் இருக்கிறார். இனி யாராவது எடுத்துப் போட நினைத்தாலும் அந்தப் பெயரோடுதான் எடுக்க வேண்டும். தியாகராஜர் சரணத்தில் வைத்ததை இவர் அட்டையிலேயே வைத்துவிட்டார்.

அந்தோணிதாசனும் அந்தப் பக்கம்தான் நடந்திருக்கிறார். சொந்தக் குழுவுக்கு 'அந்தோணி இன் பார்ட்டி' என்று பெயர், சொந்த இசை நிறுவனத்துக்கு 'ஃபோக் மார்லி' என்று பெயர் (பாப் மார்லிக்கு ஒரு வணக்கம், கூடவே ஒரு குறும்பு). 2021-ல் 'எம்.ஜி.ஆர். மகன்' படத்துக்கு இசையமைப்பாளராகவே ஆனார். படம் நேராக ஓடிடிக்குப் போனதால் பாட்டுகள் திருவிழா ஸ்பீக்கர் வரைக்கும் வந்து சேரவில்லை. அது அவர் தப்பு இல்லை.

குறையும் சொல்ல வேண்டும்தானே. அவருடைய சொந்தத் தயாரிப்புகளிலும் சில நேரம் சினிமா பழக்கம் விடமாட்டேன் என்கிறது. தவிலும் பம்பையும் பேச வேண்டிய இடத்தில் எலெக்ட்ரானிக் அடி வந்து மேலே உட்கார்ந்துகொள்கிறது. வேகப் பாட்டுக்குத்தான் கூட்டம் வரும் என்ற கணக்கு புரிகிறது. ஆனால் அந்தக் குரல் நிதானமாகப் பாடும்போதுதான் அதன் கரகரப்பில் ஒரு வாழ்க்கையே தெரிகிறது. முழுக்க முழுக்க நையாண்டி மேளக்காரர்களை மட்டும் வைத்து, ரெட்டிப்பாளையத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், வாசித்தவர் பெயர் போட்டு ஒரு முழு ஆல்பம் செய்தால் எப்படி இருக்கும்? அது சினிமா அளவுக்கு ஓடாமல் போகலாம். ஆனால் 2020, 2021 இரண்டு கோடையிலும் கொரோனாவால் திருவிழாக்கள் நின்று மேளக்காரர்கள் வீட்டில் முடங்கியபோது தெரிந்ததே ஒன்று. மேடை நின்றால் வருமானம் மொத்தமும் நின்றுவிடும். பாட்டு சொந்தமாக இருந்தால் எங்கோ ஒருவர் அதைக் கேட்கும்போது கொஞ்சமாவது வரும்.

கேட்கிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. திருவிழா மேடையில் அவர் மாதிரிக் கலைஞர்கள் சொந்தப் பாட்டை எடுத்தால் இரண்டாவது சரணத்திலேயே "சொடக்கு பாடுங்கண்ணே!" என்று கத்துகிற கூட்டம் எங்கேயும் உண்டு, காவிரிக் கரையிலும் உண்டு. நோட்டீஸில் கலைஞர் பெயருக்கு மேலே 'சினிமா புகழ்' என்று கொட்டை எழுத்தில் அடிக்கிறார்கள். அதற்குக் கீழே 'சொந்தப் பாடல்களும் பாடப்படும்' என்று இன்னொரு வரி சேர்த்தால் பிரஸ்காரர் அதற்குத் தனியாகக் காசு கேட்கமாட்டார் :-)