கம்ப்ரசருக்கு ஐந்து நிமிட ஓய்வு கொடுங்கள்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் ஏமாற்றும் ஆண்டுகளில் வீட்டுச் செலவைத் தாங்குவது கறவை மாடுதான். கறந்த பாலின் சூடு ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் சில நுண்ணுயிரிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பாலை விரைவாக 4 டிகிரிக்குக் கொண்டுவரத்தான் தொகுப்பு பால் குளிர்விப்பான் இருக்கிறது. அதன் கம்ப்ரசர் கருகினால் புதிது வாங்கி மாட்டுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏன் கருகியது என்று கேட்பவர் குறைவு.

கம்ப்ரசர் ஓரிரு நிமிடம் ஓடி நிற்பதும், உடனே மீண்டும் கிளம்புவதும் முக்கியமான காரணம். கிளம்பும்போது மோட்டார் வழக்கத்தைவிட 5 முதல் 7 மடங்கு மின்னோட்டம் இழுக்கும். கேஸுடன் வெளியே போன எண்ணெய் திரும்புவதற்குள் நின்றால் உள்பாகங்கள் தேயும். கிணற்று மோட்டாரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு நிறுத்துவதும் இதுவும் ஒன்றே.

இப்படி நடப்பது ஏன்? தெர்மோஸ்டாட்டில் நிற்கும் அளவுக்கும் கிளம்பும் அளவுக்கும் அரை டிகிரிதான் இடைவெளி என்றால் கம்ப்ரசருக்கு ஓய்வே இருக்காது. 2 டிகிரியாவது வேண்டும். வைக்கோல் தூசி கண்டன்சரை அடைத்தால் அழுத்தம் ஏறி நிற்கும். கேஸ் கசிந்தால் அழுத்தம் இறங்கி நிற்கும். மின்சாரம் போய்ப் போய் வந்தாலும் இதே கதைதான்.

இரண்டு கம்ப்ரசர் உள்ள பெரிய தொட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கோடையில் கறவை குறைந்து பால் கொஞ்சமாக வரும்போதும் இரண்டும் சேர்ந்து ஓடினால், சற்று நேரத்தில் குளிர்ந்து இரண்டும் நிற்கும். பால் தட்டில் உறையவும் கூடும். முதல் கம்ப்ரசரால் சமாளிக்க முடியாதபோது மட்டும் இரண்டாவது கிளம்பும்படி அமைக்க வேண்டும். எது முதலில் ஓடுவது என்பதையும் மாற்றி மாற்றி வைத்தால் தேய்மானம் சமமாகும்.

நின்ற கம்ப்ரசரை 3 முதல் 5 நிமிடம் கிளம்பவிடாமல் தடுக்கும் டைமர், கம்ப்ரசர் விலையோடு ஒப்பிட்டால் அற்பச் செலவு. ஆனால் டைமர் காவல்தான், மருந்து அல்ல. கண்டன்சரைச் சுத்தம் செய்வதும் கசிவை அடைப்பதும் தனி வேலை.

எனவே ஒவ்வொரு மையத்திலும் டைமர் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒரு மணி நேரத்தில் கம்ப்ரசர் எத்தனை முறை கிளம்புகிறது என்று வாரம் ஒருமுறையாவது எண்ணி, பால் வெப்பநிலையோடு நோட்டில் எழுத வேண்டும். ஆறு முறையைத் தாண்டினால் மெக்கானிக்கை அழைக்கலாம். கருகும் வரை காத்திருக்க வேண்டாம். தீவனத்தையும் மடிநோயையும் சொல்லித் தரும் விரிவாக்கப் பணியாளர்கள் இதற்கும் அரை நாள் ஒதுக்கலாம்.

சங்கத்தின் பணம் உறுப்பினர்களின் பால் பணம். அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் பால் விலையைக் கேட்கும்போது, அந்த நோட்டையும் கேளுங்கள்.