நாவும் நாணமும்

தமிழ்ச் சங்க இதழில் ஆங்கிலம் பேசுவதைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். தமிழ்ப்பற்றுக் குறைந்து இதனை எழுதவில்லை. தலைநகருக்குப் படிக்க வந்த நம்மிற் பலர் மேற்படிப்புக்காக அயல்நாடு செல்ல விரும்புகிறார்கள். இயற்பியலிலோ வேதியியலிலோ அவர்கள் யாருக்கும் இளைத்தவர் அல்லர். ஆனால் ஆங்கிலத் திறன் தேர்வு என்றதும், அதிலும் பேச்சுத் தேர்வு என்றதும், கால் தடுக்குகிறது. தடுக்கும் கல் எது என்று பார்ப்பது சங்கத்தின் கடமையன்றோ?

1989ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வையே எடுத்துக்கொள்வோம். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பிரிவுகள். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடமே. முதலில் ஊர், படிப்பு, பொழுதுபோக்கு பற்றிய எளிய கேள்விகள். பிறகு ஓர் அட்டையில் ஒரு பொருளைத் தருவார்கள். 1 நிமிடம் எண்ணிப் பார்த்து, 2 நிமிடம் வரை பேச வேண்டும். இறுதியில் அப்பொருளையொட்டி ஓர் உரையாடல். மதிப்பிடுவதோ நான்கினை: தங்குதடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்கிற்கும் சம மதிப்பு. உச்ச அளவு 9. மொத்தத்தில் 6.5 அல்லது 7 கேட்கும் பல்கலைக்கழகங்கள் பலவும், எந்தப் பிரிவிலும் 6க்குக் குறையக் கூடாது என்றும் விதிக்கின்றன. ஆகவே பேச்சில் 5.5 பெற்றவர், மற்ற மூன்றிலும் 8 பெற்றிருந்தாலும், அத்தகைய இடங்களில் வாயிலிலேயே நிற்க வேண்டியதுதான். தேர்வுக் கட்டணமோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். மறுமுறை எழுதுவது என்பது ஊரிலுள்ள தந்தையிடம் மறுமுறை கை நீட்டுவதாகும்.

இதற்கு நம்மவர் கண்ட மருந்து மனப்பாடம். பயிற்சி நிலையங்கள் தரும் விடைகளை உருப்போட்டுச் சென்று ஒப்பிக்கிறார்கள். ஒப்பிக்கும் குரல் வேறு, எண்ணிப் பேசும் குரல் வேறு என்பதைப் பள்ளி ஆசிரியர்கூட அறிவார். தேர்வாளரோ அதைக் கண்டுபிடிக்கவே பயிற்சி பெற்றவர். இடையில் "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி வந்தால் உருப்போட்ட மாளிகை சரிந்துவிடும்.

மருந்து வேறெங்குமில்லை, நம் கையிலேயே இருக்கிறது. இங்கு வந்த நாளில் நம்மிற் பலருக்கு இந்தியில் எண்ணக்கூடத் தெரியாது. ஆறு மாதத்தில் கமலா நகர்க் கடைத்தெருவில் "பையா, கித்னா?" என்று தொடங்கி, விலையைப் பாதியாகக் குறைத்துவிட்டு வருகிறோம். இந்தியில் பேருந்து பெண்பால். நாம் அதை ஆண்பாலாக்கித்தான் பேசுகிறோம். ஆயினும் எந்தப் பேருந்தும் நம்மை ஏற்றிக்கொள்ள மறுத்ததில்லை. ஆறு மாதத்தில் இந்தி நாவில் ஏறியது. பதினைந்து ஆண்டு படித்த ஆங்கிலம் ஏறவில்லை. காரணம் என்ன? இந்தியைத் தேவைக்காகப் பேசினோம். பிழை பற்றி நாணவில்லை. ஆங்கிலத்தை மதிப்பெண்ணுக்காக எழுதினோம். பிழை என்றாலே சிவப்பு மை நினைவுக்கு வந்தது.

நாணத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. அதைச் சொன்னால் நண்பர்கள் வருந்தலாம்; ஆயினும் சொல்ல வேண்டும். நம் விடுதி அறைகளில் ஒருவன் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசிவிட்டால் "பீட்டர் விடுகிறான்" என்கிறோம். அவன் பிழையாகப் பேசினால் அந்தப் பிழையையே அவனுக்குப் பட்டப்பெயராக்குகிறோம். சரியாகப் பேசினாலும் ஏளனம், தவறாகப் பேசினாலும் ஏளனம் என்றால், ஊமையாக இருப்பதே அறிவு என்று அவன் முடிவு செய்கிறான். சிற்றூரிலிருந்து தமிழ்வழியில் படித்து வந்தவனுக்கே இந்த அடி பலமாக விழுகிறது. நகரத்துப் பள்ளியில் படித்தவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். தமிழன்பு என்று நாம் எண்ணிக்கொள்ளும் இந்தக் கேலி, தமிழ்வழி மாணவனின் வழியைத்தான் அடைக்கிறது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலேயரைப் போல ஒலிக்க வேண்டும் என்று தேர்வு கேட்கவில்லை. கேட்பவருக்குச் சிரமமின்றி விளங்க வேண்டும் என்றே கேட்கிறது. நம் பிழைகள் பெரும்பாலும் நம் மொழியின் இயல்பிலிருந்து வருபவை. வல்லின மெய்யில் முடியும் சொல் தமிழ் மரபில் இல்லை. ஆகவே 'புக்' நம் வாயில் 'புக்கு' ஆகிறது. தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. ஆங்கிலத்திலோ அழுத்தம் இடம் மாறினால் கேட்பவர் தடுமாறுவார். 'அனாலிசிஸ்' என்பதில் இரண்டாம் அசையில் அழுத்தம். 'அனலிட்டிக்கல்' என்பதில் மூன்றாம் அசையில். ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் வழங்கும் இத்தகைய சொற்கள் ஐம்பதைத் திருத்திக்கொண்டாலே பெரும்பயன் உண்டு. இவை திருத்தத்தக்கவை, நாணத்தக்கவை அல்ல.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பேச்சுக்கென ஒதுக்குங்கள். மொழியாசிரியர் கையாளும் ஒரு முறை உண்டு: ஒரே பொருளை ஒருவரிடம் 4 நிமிடமும், மற்றொருவரிடம் 3 நிமிடமும், மூன்றாமவரிடம் 2 நிமிடமும் பேசுவது. ஒவ்வொரு முறையும் தயக்கம் குறைந்து சொல் விரைந்து வரும். பொருளைத் தேட வேண்டியதில்லை. விலங்கியல் மாணவர் தம் ஆய்வைப் பொருளியல் மாணவருக்கு விளக்கட்டும். நம் ஊர்த் திருவிழாவை ஒருவர் வருணிக்கட்டும். கைப்பேசியில் பதிவு செய்து, ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்திக்கொள்ளட்டும்.

குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிழை பிழையாகவே நிலைத்துவிடாதிருக்க, ஆங்கிலத் துறையில் ஆராய்ச்சி செய்யும் ஒருவரை மாதம் ஒருமுறை அழைப்போம். மற்ற வாரங்களில் நமக்கு வேண்டியது ஆசிரியர் அல்லர். சிரிக்காமல் கேட்கும் ஒரு செவி. அதை வேற்றூரில் யாரிடம் தேடுவது? நம்முள் ஒருவருக்கொருவர் தராமல் வேறு யார் தருவார்?

தமிழில் நன்றாகப் பேசத் தெரிந்தவனுக்குச் சொல்வதற்குக் கருத்து இருக்கிறது. அதை மற்றொரு மொழியில் சொல்லத் துணிவு மட்டுமே தேவை. அந்தத் துணிவைத் தருவதும் தமிழ்த் தொண்டே. அடுத்த சனிக்கிழமையே தொடங்குவோம், வாருங்கள். "பீட்டர்" என்ற சொல்லை மட்டும் வாயிலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.