படிப்பு அனிச்சைச் செயலா?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2023-இல் மாநிலத்திலேயே முதலிடம் பெரம்பலூருக்கு, தேர்ச்சி 97.67 சதவீதம். அடுத்த ஆண்டு அந்த இடம் அரியலூருக்கு, 97.31. பின்தங்கிய மாவட்டங்கள் என்றே பேசப்பட்டுவந்த இரண்டுக்கும் இது லேசான காரியமல்ல. இந்த வெற்றிக்குப் பின்னால் சிறப்பு வகுப்புகளும் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பதும் இருக்கின்றன. "கேள்வியைப் பார்த்ததும் கை தானா எழுதணும்" என்பது நம் வகுப்பறைகளில் பழகிப்போன பேச்சு. அப்படியென்றால், சூடு பட்டதும் கை வெடுக்கென்று விலகுகிறதே, படிப்பும் அந்த வகை அனிச்சைச் செயல்தானா?

ஆமாம் என்று பாதி சொல்கிறது அந்தப் பிள்ளைகளின் அறிவியல் பாடநூல். அனிச்சைச் செயலில் பிறவியிலேயே உள்ளது ஒன்று, பயிற்சியால் வருவது இன்னொன்று என்று அது பிரிக்கிறது. இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு, இசைக்குறிப்பைப் பார்த்ததும் ஆர்மோனியக் கட்டையை அழுத்துவது. உணவோடு சேர்த்துக் கேட்ட ஓசைக்கே எச்சில் ஊறப் பழகிய, ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் நாயிடமிருந்து வந்த கருத்து இது.

பழக்கத்தால் அனிச்சைச் செயலும் மாறும் என்ற கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணுக்கு முதல் வெடிச்சத்தம் கேட்டதும் தூக்கிவாரிப் போடும். சில மாதம் போனால், அதே சத்தத்துக்கு அரிவாள்மனையில் வெங்காயம் அரியும் கை நிற்பதுகூட இல்லை. நரம்பியலாளர் எரிக் காண்டல் 'கடல் முயல்' எனப்படும் நத்தை இனத்தில் இதைத்தான் ஆராய்ந்தார். தொட்டால் செவுளை உள்ளிழுக்கும் அந்தப் பிராணி, தொட்டுக்கொண்டே இருந்தால் பொருட்படுத்தாமல் விடுகிறது. உணர்வு நரம்பு, இயக்க நரம்புக்கு விடும் வேதிப்பொருள் குறைந்துபோவதே காரணம். நினைவின் நரம்பியல் அடிப்படையைக் காட்டியதற்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்தப் பெண்ணிடமே வீட்டுச் சுவரின் விரிசலைப் பற்றிக் கேளுங்கள். எந்த வருஷம் விட்டது, அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார். இது வேறு நினைவு. இரண்டும் வேறு வேறு என்பதற்குச் சான்று, அமெரிக்கரான ஹென்றி மொலைசன். வலிப்பு நோய்க்காக 1953-இல் அவர் மூளையில் ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட உட்பகுதிகளை வெட்டியெடுத்தார்கள். பிறகு, கண்ணாடியைப் பார்த்தே நட்சத்திரம் வரைய அவரைப் பழக்கினார் உளவியலாளர் பிரெண்டா மில்னர். மூன்று நாளில் கை தேறிவிட்டது. முன்பு வரைந்த ஞாபகம் மட்டும் அவருக்கு இல்லவே இல்லை.

சரி, கையின் பழக்கமாவது அனிச்சைச் செயல்களின் சங்கிலிதானா? அதுவும் சந்தேகம்தான். இசைக்கருவியை வேகமாக வாசிக்கும் விரல்கள் நொடிக்குப் பதினாறு முறைகூட அசையும் என்று 1951-இல் உளவியலாளர் கார்ல் லாஷ்லி எடுத்துக்காட்டினார். ஒரு விரலின் உணர்வு மூளைக்குப் போய் அடுத்த விரலைத் தூண்ட அங்கே அவகாசமே கிடையாது. வரிசை முழுவதும் முன்கூட்டியே மூளையில் திட்டமாக இருந்தாக வேண்டும். பாடநூலின் ஆர்மோனியம் புதிதாகக் கற்பவருக்குப் பொருந்தும்; வித்வானுக்குப் பொருந்தாது.

இந்த வேறுபாட்டை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டதும் ஒரு பிள்ளை "ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினான்கு" என்று உதட்டுக்குள் ஆரம்பித்தால் அது சங்கிலி. "ஐம்பத்தாறு மாங்காயை ஏழு பேருக்குப் பங்கிடு" என்றதும் அதே பிள்ளை விழித்தால், வாய்ப்பாடு வாயோடு நின்றுவிட்டது.

மனப்பாடத்தை மட்டம் தட்டுவது இப்போது ஒரு நாகரிகம். அது தேவையில்லை, வாய்ப்பாடு தெரியாதவர் பங்கிடவும் திணறுவார். ஆனால் மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்துப் பாடம் அதிகம் தங்கியிருந்தது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் காட்டினார்கள். இரு மாவட்ட ஆசிரியர்களும் சிறப்பு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அதில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.