எச்சரிக்கைச் சீட்டா? சம்மதச் சீட்டா?



2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு நடந்தது. மறுநாள் மார்ச் 19 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையப் பணிகளைத் தொடர அன்றைய அ.தி.மு.க. அமைச்சரவை அனுமதி அளித்தது. மக்களின் அச்சம் தீரும் வரை பணிகளை நிறுத்தி வையுங்கள் என்று 2011 செப்டம்பரில் தீர்மானம் போட்டதும் இதே அமைச்சரவைதான்! அந்த மாத இறுதியில் மின்கட்டண உயர்வும் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கும் வந்தது.

வாக்குப் பெட்டியை மூடும் வரை காத்திருந்தார்கள். மூடியதும் முடிவெடுத்தார்கள். இதை தற்செயல் என்று நம்பச் சொன்னால் நாம் நம்பி விடுவோமா?

அந்தத் தேர்தல் எந்தச் சூழலில் நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 2011 நவம்பரில்தான் பஸ் கட்டணமும் பால் விலையும் ஏறியிருந்தன. மின்வெட்டோ மணிக்கணக்கில் நீடித்தது. விசைத்தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் ஊர் சங்கரன்கோவில். தறியும் நின்றது, கூலியும் நின்றது. ஆளுங்கட்சியைத் தண்டிக்க இதைவிட வேறு காரணம் வேண்டுமா? ஆனால் நடந்தது என்ன? 2011 பொதுத்தேர்தலில் சுமார் 10 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்ற அ.தி.மு.க., பத்தே மாதத்தில் சுமார் 68 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றது!

ஆட்சியின் நடுவில் வரும் தேர்தலில் ஆளுங்கட்சி அடிவாங்கும் என்பது உலகம் கண்ட அனுபவம். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் முடிந்த இரண்டாம் ஆண்டில் நாடாளுமன்றத் தேர்தல் வரும். கடந்த நூறாண்டுகளில் 1934, 1998, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளைத் தவிர, மற்ற எல்லா இடைக்காலத் தேர்தல்களிலும் பிரதிநிதிகள் சபையில் அதிபரின் கட்சி இடங்களை இழந்தே வந்திருக்கிறது. 2010ல் ஒபாமாவின் கட்சி 63 இடங்களைப் பறிகொடுத்தது. ஆனால் அதே ஒபாமா 2012ல் மீண்டும் அதிபரானார்.

இதற்குக் காரணம் என்ன? பதவிக்கு வரும்போது கொடுத்த வாக்குறுதிகள் வானத்தைத் தொடும். இரண்டாண்டில் விலைவாசி மட்டுமே வானத்தைத் தொட்டிருக்கும். திருப்தியோடு இருப்பவன் வாக்குப்பதிவு நாளில் வீட்டில் படுத்திருப்பான். கோபத்தோடு இருப்பவன் விடிவதற்குள் வரிசையில் நிற்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஓட்டினால் ஆட்சி கவிழாது என்பது அவனுக்குத் தெரியும். எனவே வீட்டை இடிக்காமல் கதவைத் தட்டுகிறான்.

நம் தமிழகத்திலும் சட்டமன்ற ஆட்சியின் நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தலில் மக்கள் பலமுறை இப்படிக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். 1979ல் எம்.ஜி.ஆர். அரசு, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் ரூ.9,000 என்று வரம்பு கட்டியது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் 39 இடங்களில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது வெறும் 2. அடுத்த சில வாரங்களில் வருமான வரம்பு போனது. 31 சதவீதமாக இருந்த இடஒதுக்கீடு 50 சதவீதமாக உயர்ந்தது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த லெப்பை சமுதாயத்துப் பிள்ளைகளும் அதனால் பயன் பெற்றார்கள். அந்த ஆண்டிலேயே நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே எம்.ஜி.ஆரை மக்கள் மறுபடியும் முதல்வராக்கினார்கள்!

2004ம் ஆண்டு இன்னும் தெளிவான சாட்சி. மதமாற்றத் தடைச் சட்டம், அரசு ஊழியர் மீது நடவடிக்கை, ரேஷன் அட்டையில் 'எச்' முத்திரை, விவசாயிகளின் இலவச மின்சாரம் ரத்து என்று அடுக்கடுக்காக மக்களைப் பகைத்துக் கொண்டது ஜெயலலிதா அரசு. மே 13 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது. ஒரு வாரத்திற்குள் இத்தனையையும் திரும்பப் பெறுவதாக முதல்வரே அறிவித்தார். நாம் ஊர் ஊராகக் கண்டனக் கூட்டம் போட்டும் அசையாத கோட்டை, ஓட்டு விழுந்ததும் அசைந்தது!

ஆளுங்கட்சி தோற்ற 2004ல் சட்டங்கள் பின்வாங்கின. ஆளுங்கட்சி வென்ற 2012ல் கட்டணங்கள் முன்னேறின. இதைவிடப் பாடம் வேண்டுமா?

அப்படியானால் ஆளுங்கட்சி எப்போதும் தோற்க வேண்டும் என்கிறோமா? இல்லை. 2009, 2014, 2024 நாடாளுமன்றத் தேர்தல்களில் மாநிலத்தை ஆண்ட தரப்பே பெருவாரியாக வென்றது. டெல்லியைப் பற்றிய கவலையும் கூட்டணி பலமும் அங்கே தீர்மானித்தன. நல்லது செய்த அரசுக்கு நன்றி சொல்வதும் நியாயமே. ஆனால் அந்த நன்றி மனதிலிருந்து வர வேண்டும், பயத்திலிருந்தோ கவரிலிருந்தோ வரக் கூடாது.

ஒற்றைத் தொகுதி இடைத்தேர்தலில்தான் இந்த பயமும் கவரும் தலைதூக்குகின்றன. அமைச்சர்கள் பட்டாளம் ஒரே ஊரில் கூடாரம் அடிக்கிறது. பல ஆண்டுகளாகக் குண்டும் குழியுமாகக் கிடந்த தெரு ஒரே இரவில் தார்ச்சாலையாகிறது. 'ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தால்தான் ஊருக்கு வேலை நடக்கும்' என்ற பேச்சு டீக்கடை தோறும் பரவுகிறது. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பின் 'திருமங்கலம் பார்முலா' என்ற பெயரே நாட்டு வழக்கில் நிலைத்து விட்டதே! 2019லும் பாருங்கள். நாடாளுமன்றத்துக்கு அ.தி.மு.க. அணியில் தேனி ஒன்றைத் தவிர எவரையும் மக்கள் அனுப்பவில்லை. ஆனால் கூடவே நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் 9ல் அதே கட்சி வென்று ஆட்சியைக் காப்பாற்றிக் கொண்டது.

வியாபாரிச் சகோதரர்களே! உங்கள் தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. கடைக்கு உரிமம் வேண்டும், நகராட்சியில் காரியம் ஆக வேண்டும், அதிகாரியின் முகம் கோணக் கூடாது. அதனால் ஜெயிக்கிற பக்கம் நின்று விடுவோம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் கேட்காமலே கிடைக்கும் ஓட்டுக்கு எந்தக் கட்சி விலை கொடுக்கும்? கல்லாவில் இருக்கும் பணத்தை யாராவது வசூலிக்க வருவார்களா? கவரில் வரும் சில நூறு ரூபாய் மின்கட்டணத்திலும் பஸ் கட்டணத்திலும் வட்டியோடு திரும்பப் போய் விடும். கொடுக்கல் வாங்கல் அறிந்த உங்களுக்கு இந்தக் கணக்கை நாங்கள் சொல்லித் தர வேண்டுமா?

இளைஞர்களே! பொதுத்தேர்தல் என்றால் சென்னையிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வேலையை விட்டு ஊருக்கு வருகிறீர்கள். இடைத்தேர்தல் என்றால் 'இதில் என்ன மாறப் போகிறது' என்று தங்கி விடுகிறீர்கள். கோபமுள்ளவன் வராத தேர்தலில் கவர் வாங்கியவன் ஓட்டே முடிவாகும்.

எனவே அடுத்து எந்த இடைத்தேர்தல் வந்தாலும் மூன்று காரியங்களை இப்போதே முடிவு செய்வோம். ஊரின் கோரிக்கைகளை எழுத்தில் எடுத்து எல்லா வேட்பாளர்களிடமும் பொது மேடையில் பதில் கேட்போம். கவரைக் கையால் தொட மாட்டோம். எங்கிருந்தாலும் வந்து வாக்களிப்போம்.

வாக்கு ஓர் அமானிதம். அது ஆள்பவர்களுக்கு எச்சரிக்கைச் சீட்டாகவும் ஆகலாம், நம் தலையில் கட்டணம் ஏற்ற நாமே எழுதிக் கொடுக்கும் சம்மதச் சீட்டாகவும் ஆகலாம். எதுவாக ஆக்கப் போகிறோம்?

சிந்திப்போம்! செயல்படுவோம்!