மாடி அறை விமானங்கள்

செஞ்சியிலிருந்து ஒரு சகோதரி யோசனை கேட்டு எழுதியிருக்கிறார். மாமனார் காலமாகி வருஷம் திரும்பிவிட்டதாம். அவர் தம் கையாலேயே செய்து சேர்த்த மாதிரி விமானங்கள் மாடி அறை நிறைய இருக்கின்றன. வீட்டை விலை பேசியாகிவிட்டது. பட்டணத்து வாடகை வீட்டில் வைக்க இடமில்லை. எடைக்குப் போடவோ மனசு வரவில்லை. என்ன செய்வது?

உங்களில் பலருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. விமானமாக இல்லாவிட்டால் கிராமபோன் தட்டு, தபால் தலை! ஆசையாய்ச் சேர்த்தவர் போய்விடுகிறார். தூசி தட்டுவது மருமகளின் பாடு.

செஞ்சி கைமாறிப் பழகிய ஊர்தான். 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று எத்தனை பேர் கைக்கு அந்தக் கோட்டை போயிற்று! 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது. ஆனால் அது கருங்கல். காகித இறக்கைக்கு ஓர் ஐப்பசி ஒழுக்கல் போதும்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் கதையைக் கேளுங்கள். புத்தகமும் பத்திரிகையுமாகச் சுமார் ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்துவிட்டு 1992-ல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் வாங்கியது. கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை, சென்னையிலேயே 1994-ல் அவர் பெயரால் நூலகமாக்கிற்று. மொத்தமாக, சேர்த்தவர் பெயரோடு, உபயோகிப்பவர்கள் இருக்கும் இடத்தில்! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. விமானங்களுக்கும் இப்படித்தான் இடம் தேடவேண்டும்.

அதற்கு முன் கொஞ்சம் ஜாக்கிரதை. ஈரத்துணி கூடவே கூடாது. பால்ஸா என்ற லேசான மரத்தின்மேல் மெல்லிய காகிதம் ஒட்டி, 'டோப்' என்ற வார்னிஷ் பூசியிருப்பார்கள். மென்மையான தூரிகையே போதும். பழைய டோப் சட்டென்று தீப்பற்றக்கூடியது. பூஜை விளக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சின்ன டீசல் எஞ்சின் இருந்தால் பையன்கள் விசிறியைச் சுழற்ற ஓடி வருவார்கள். தடுத்துவிடுங்கள்! அதற்கு ஊற்றிய எரிபொருளில் மண்ணெண்ணெய், ஈதரோடு நம் விளக்கெண்ணெயும் உண்டு. அது வருஷக்கணக்கில் காய்ந்து கோந்தாய்ப் பிடித்திருக்கும். பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே ஒடியும். ரப்பரால் கட்டிய இறக்கைகளைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் நம்பர், ஒரு போட்டோ, எந்த வருஷம், எதைப் பார்த்துச் செய்தது, பறந்ததா என்பதை எழுதுங்கள். மாமியாரைக் கேட்டால் பாதி விவரம் கிடைக்கும். வரைபடங்களையும் சாமான் ரசீதுகளையும் குப்பை என்று கழிக்கவேண்டாம். நோட்டு இல்லாத விமானம் வெறும் பொம்மை.

யாரிடம் கொடுப்பது? தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வது பயிற்சியிலேயே சேர்ந்தது, போட்டிகளும் நடக்கின்றன. குரோம்பேட்டையில் 1949-ல் தோன்றிய எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்பிக்கிறார்கள். அப்துல் கலாம் படித்த இடம். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் காட்சிசாலை இருக்கிறது. முதலில் மாணவர்களைத்தான் நாடுவேன். காட்சிசாலைக்காரர்கள் எல்லாவற்றையும் ஏற்பார்கள் என்று எண்ணவேண்டாம், அவர்களுக்கும் இடநெருக்கடி. பெட்டிக்குள் பூட்டுவார்களா, வெளியே வைப்பார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கொடுப்பதை எழுத்தில் வாங்குங்கள். பெயர்ப் பலகை விஷயமும் அதில் இருக்கட்டும். விற்பதானாலும் தப்பில்லை, ஆனால் அழகான நாலை மட்டும் பொறுக்க வருபவரிடம் பேரம் பேசாதீர்கள். மீதி உங்கள் தலையில்தான் விழும்!

வண்டி வருவதற்கு முதல் நாள், பேரன் பேத்திகள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். நோட்டில் அந்த நம்பருக்கு எதிரே குழந்தையின் பெயரை எழுத மறக்கவேண்டாம்.