கார் ஓடுதா, நிக்குதா?

மோட்டார் ஸ்போர்ட் ஃபோட்டோகிராஃபர் ஆகணும்னு சொன்னா நம்ம பசங்க கேட்கிற முதல் கேள்வி, "என்ன லென்ஸ் வச்சிருக்க?" அடுத்தது, "எந்த ப்ரீசெட்?" இந்த ரெண்டுல எதுவும் ஒருத்தருக்குன்னு ஒரு ஸ்டைலைக் கொடுக்காது என்பது என் கருத்து. ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறது என்ற முடிவில்தான் அது ஆரம்பிக்கிறது.

கணக்காவே பார்க்கலாம். மணிக்கு 180 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 50 மீட்டர். ஷட்டரை 1/1000 நொடியில் வைத்தால் அதற்குள் கார் 5 செ.மீ.தான் நகரும், சக்கரம் 10 டிகிரிகூட சுத்தாது. படம் ஷார்ப்பா இருக்கும். ஆனால் ஷோரூம் வாசலில் நிறுத்தின கார் மாதிரியும் இருக்கும்! இன்ஸ்டாவில் பாதிப் படம் இப்படித்தான். 1/60-க்கு இறங்கினால் கார் 83 செ.மீ. போகும், சக்கரம் கிட்டத்தட்ட அரைச் சுற்று சுத்தும். கேமராவையும் காரோடு சேர்த்துத் திருப்பினால் கார் தெளிவா நிக்கும், பின்னாடி இருக்கிறதெல்லாம் கோடு கோடா ஓடும். இதைத்தான் பேனிங் என்கிறோம். நூறு எடுத்தால் நாலு தேறும். அந்த நாலுக்காக மிச்சத்தை டெலீட் பண்ண மனசு வரணும்.

நம்ம ஊர் மதிய வெயிலில் 1/60 வைத்தால் படம் வெளுத்துப் போகும். அபர்ச்சரை எஃப்/22 வரைக்கும் குறுக்கணும், இல்லைன்னா என்டி ஃபில்டர் போடணும். புது லென்ஸுக்கு இஎம்ஐ கட்டுவதற்கு முன்னாடி அந்த ஃபில்டரை வாங்கிப் பாருங்க.

1910களில் பிரான்ஸ் நாட்டு கிராண்ட் பிரீ ரேஸில் லார்டிக் என்ற பையன் ஒரு படம் எடுத்தான். இருபது வயசுகூட ஆகாதவன். அந்தக் கால ஷட்டரில் ஒரு சின்னப் பிளவுதான் குறுக்கே நகரும். அது நகர்ந்து முடிப்பதற்குள் கார் ஓடிவிடும். காரின் வேகத்துக்கு அவனால் கேமராவைத் திருப்ப முடியவில்லை. அதனால் சக்கரம் முட்டை வடிவமாகி முன்னாடி சாய்ந்தது, வேடிக்கை பார்த்தவர்கள் பின்னாடி சாய்ந்தார்கள். நம்ம ஃபோனில் ஃபேன் இறக்கை வளைந்து தெரிகிறதே, அதே ரோலிங் ஷட்டர் விஷயம்தான். 1963-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் லார்டிக்கின் படங்களைக் கண்காட்சியாக வைத்தது. கார் பறப்பதைக் காட்ட இன்றைக்கும் எல்லாரும் சொல்லும் உதாரணம் அந்தச் சாய்ந்த சக்கரம்தான்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தள்ள வேண்டாம். சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லிருந்து இருக்கிறது. முன்பு சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது, 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக். ஆரணியிலிருந்து காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போய்விடலாம். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருவில் ராத்திரி ரேஸே நடந்தது. அதில் எனக்குப் பெரிய வாய்ப்பாகத் தெரிந்தது காரைவிட பின்னணிதான். இருட்டு, விளக்கு வெளிச்சம், மெட்ராஸ் ரோடு. மொனாக்கோ படம் மாதிரி எடுக்கணும்னு போனவருக்கு இதெல்லாம் இடைஞ்சலாகத்தான் தெரிந்திருக்கும்.

பழக ரேஸ் டிராக்கே வேணும் என்பதில்லை. நம்ம ஊர்த் தறி வீடு போதும். உள்ளே வெளிச்சம் கம்மி, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கும். 1/30-ல் எடுத்தால் நெய்கிறவர் முகம் அசையாமல் இருக்கும், நாடா ஒரு வெள்ளைக் கீற்றாக மாறும். டிராக்கில் ஓடுவதை நிறுத்திச் சுற்றியுள்ளதைக் கலைக்கிறோம், இங்கே அப்படியே தலைகீழ். எதைக் கலைக்கணும், எதை விடணும் என்று ஆயிரம் தடவை முடிவெடுத்துப் பழகியவர் வளைவு ஓரம் போய் நின்றால் வேற மாதிரி பார்ப்பார்.

சம்பளம்? வீட்டில் கேட்பாங்க, நியாயமான கேள்விதான். பிளேஸ்மென்ட் ஆஃபர் மாதிரி மாசாமாசம் வராது. ஆனால் ஸ்பான்சர் தேடும் ஒவ்வொரு இளம் பைக் ரேஸருக்கும் தன் படம் வேணும். பத்துப் பேர் ஒரே மாதிரி எடுத்துக் கொடுத்தால் அவர் விலை குறைவானவரைத்தான் கூப்பிடுவார். அதனால் இருங்காட்டுக்கோட்டைக்கு முதல் தடவை போகிறவர்கள் டிராக் முழுக்க ஓடாதீங்க. ஒரே ஒரு வளைவைப் பிடிங்க, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் அதில் எப்படித் திரும்புதுன்னு பாருங்க. தண்ணி பாட்டில், தொப்பி கட்டாயம்.